பாறைக்கு மேல் ஒரு முழ மண்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மாட்டுப் பட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவின் வறண்ட நிலத்தில் மாடு மேய்வதைக் காட்டும் படமொன்றைப் பார்த்தேன். பாறைக்கு மேல் ஒரு முழம்கூட இல்லாத மணலில் புல்லும் மரமும் நிற்கின்றன. அங்கே ஒரு வருடத்தில் பெய்யும் மழை எங்கள் ஊரில் கனத்த மாரியில் சில நாட்களிலேயே பெய்துவிடும். அப்படியிருக்க, கோடையில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் எங்கள் பாறைத் தரையில் மட்டும் ஏன் ஒரு பச்சையும் மிஞ்சுவதில்லை?"

அவர் பார்த்தது பெரும்பாலும் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் பரந்து கிடக்கும் கொலராடோ மேட்டுநிலமாக இருக்க வேண்டும். அங்குள்ள மோவாப் நகரின் ஆண்டு மழை ஏறத்தாழ 230 மில்லிமீற்றர். மட்டக்களப்பிலோ அது 1,600 மில்லிமீற்றரைத் தாண்டும். அந்த மேட்டுநிலத்தின் அடியில் கிடக்கும் பாறை மணற்கல். பழங்காலத்து மணற்குன்றுகள் சுண்ணாம்பாலும் சிலிக்காவாலும் இரும்பு ஒட்சைட்டாலும் ஒட்டுண்டு இறுகியதே பல இடங்களில் அந்தக் கல்லாகியிருக்கிறது. அந்த ஒட்டு கரையும்போது கல் மீண்டும் மணலாக உதிர்கிறது. பெரும்பகுதி குவாட்ஸ் என்பதால் உரச்சத்து குறைவு, களி குறைவு, ஆழமும் குறைவு. 50 சென்ரிமீற்றருக்குள் கெட்டிப் பாறை தட்டுப்படும் மண்ணை அமெரிக்க மண் வகைப்பாடு தனிப்பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. எந்த விவசாயியிடம் கேட்டாலும் இது மோசமான மண் என்றே சொல்வார்.

ஆனால் வறண்ட நிலத்தில் இந்த மோசமான மண்ணே நீரைக் காக்கிறது. அது நடக்கும் விதம் மண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் என்பதால் இங்கே சற்று நின்று செல்கிறேன்.

முதலில் நீர் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்ப்போம். பருமணல் தன் கனவளவில் ஏறத்தாழ 10 சதவீத நீரையே ஈர்ப்புக்கு எதிராகப் பிடித்து வைத்திருக்கும். களி கலந்த மண் 30 சதவீதம் அல்லது அதற்கு மேலும் பிடிக்கும். ஆகவே உலர்ந்த மணலில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 10 சென்ரிமீற்றர் ஆழம் வரை நனைக்கும். அதே மழை களிமண்ணில் 3 சென்ரிமீற்றர் அளவிலேயே நின்றுவிடும். நீரை அதிகம் பிடிக்கும் மண்ணே சிறந்தது என்று பள்ளியில் படித்தோம்; ஆனால் மழை சிறிதாகவும் வெயில் பெரிதாகவும் உள்ள இடத்தில், அந்த நீர் முழுவதும் வெயிலின் கைக்கெட்டும் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது.

அடுத்தது அதைவிட அழகானது. மண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் மேலே ஏறுவதை மயிர்த்துளைத் தாக்கம் என்கிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனாலேயே. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. மேற்பரப்பு காயக் காய, கீழிருந்து நீர் இழுக்கப்பட்டு மேலே வந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். மணலின் துளைகள் பெரியவை. மேலேயுள்ள சில சென்ரிமீற்றர் காய்ந்ததும் அந்தப் பெரிய துளைகள் வெறுமையாகி, மணிகளைச் சுற்றியிருந்த நீர்ப்படலம் ஒன்றோடொன்று தொடுப்பை இழக்கிறது. தொடுப்பு அறுந்தபின் நீர் திரவமாக மேலேற வழியில்லை. உலர்ந்த மணலடுக்கின் ஊடாக ஆவியாக ஊர்ந்து மட்டுமே வெளியேறலாம், அதுவோ மிக மெதுவான பயணம். சுருங்கச் சொன்னால், மணல் தன் மேற்பகுதியை விரைவாகப் பலிகொடுத்து அடிப்பகுதியை மூடிக்கொள்கிறது. வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு விரைவில் மூடி விழுந்துவிடும்.

இஸ்ரேலியச் சூழலியலாளர் இமானுவேல் நொய்-மெயர் 1973 இல் இதைத் தெளிவாக எழுதினார். ஆண்டு மழை ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிமீற்றர் வரையிலான எல்லைக்குக் கீழே இருந்தால் பருமணல் மண் அதிகத் தாவரத்தைத் தாங்கும். அதற்கு மேலே நிலைமை தலைகீழாகும், ஏனெனில் அங்கே முக்கிய இழப்பு ஆவியாதல் அல்ல, வேருக்குக் கீழே வடிந்தோடுவதே. வாசகரின் கேள்விக்கு முதற்பாதி விடை இந்த எல்லையில் இருக்கிறது. அவருடைய தரை அதற்கு வெகுதூரம் மேலே நிற்கிறது.

மறுபாதி அடியிலுள்ள பாறையில் இருக்கிறது. மணற்கல்லின் துளைமை, அதாவது அதன் கனவளவில் துளைகளின் பங்கு, பலவேளை 5 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். அதோடு நீண்ட வெடிப்புகளும் உண்டு. மண் நிறைந்தபின் மிஞ்சும் நீர் அங்கே புகுந்து தங்க, ஜூனிப்பர் மரங்கள் வெடிப்பு வழியே வேர் விட்டு அதை எடுக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் மரங்களும் புதர்களும் பாறைக்குள்ளிருக்கும் நீரைப் பரவலாக நம்பி வாழ்கின்றன என்பதை 2021 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மேலும், மண்ணே இல்லாத மொட்டைப் பாறையில் விழும் மழை வழிந்து பக்கத்து மண் திட்டில் சேர்வதால், 10 மில்லிமீற்றர் மழை அத்திட்டுக்குப் பல மடங்காகிறது.

நமது பகுதியிலோ குடும்பிமலை முதல் அம்பாறைக் குன்றுகள் வரை அடியில் கிடப்பது கேம்பிரியன் காலத்துக்கு முந்திய, மிகப் பழைய விஜயன் பாறைத் தொகுதியைச் சேர்ந்த நைஸ் என்னும் கடினமான உருமாறிய பாறை. வெடிக்காத, சிதைவுறாத நைஸின் துளைமை பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. 40 சென்ரிமீற்றர் மணற்பாங்கான மண் 40 மில்லிமீற்றர் மழையிலேயே நிறைந்துவிடும். மாரியில் ஒரே நாள் மழை அதைத் தாண்டிவிடும். எஞ்சியது கீழிறங்க இடமின்றிப் பாறையின் மேலே சரிந்து பள்ளத்துக்கு ஓடுகிறது. குளம் கட்டியவர்களுக்கு அது வரம். புல்லுக்கோ அந்த 40 மில்லிமீற்றரில் வேர் எடுக்கக்கூடிய பங்கே மிச்சம்; நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஈரத்தை உறிஞ்சும் கோடைக்கு அது ஒரு வாரத் தீனிகூட அல்ல. புல் காய்வதற்கு மழைக் குறைவு காரணமில்லை. மழையைச் சேமிக்கும் பாத்திரம் சிறியது.

மணற்கல் நிலத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. அந்த மணலின் மேற்றோலைக் கட்டி வைத்திருப்பவை சயனோபக்றீரியா என்னும் நுண்ணுயிர்களின் இழைகள். அவற்றின் பசை மணிகளைப் பிணைக்கிறது, சில இனங்கள் வளியிலுள்ள நைதரசனையும் மண்ணுக்குத் தருகின்றன. மாட்டுக் குளம்பு பட்டால் காய்ந்த தோல் நொறுங்கிவிடும். முழுமையாக மீளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே படத்தில் கண்ட மேய்ச்சலைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

கிணறு தோண்ட இடம் தேடி, உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவருக்குக் கொடுக்கும் காசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நைஸ் சிதைந்த பள்ளப் பகுதியில் மாரிக்குப் பின் எங்கே தோண்டினாலும் ஓரளவு நீர் ஊறும். அதனால் அவர் காட்டிய இடத்தில் நீர் வந்தது எதையும் நிரூபிக்காது. ஒரு மண் துளைகருவியோடு தரை முழுக்க நடந்து, எங்கே எத்தனை சாணில் பாறை தட்டுகிறது என்று குறித்துக்கொண்டால் அதைவிடப் பயன் அதிகம். வயல் மண்ணுக்குக் கிடைக்கும் ஆய்வுக் கவனத்தில் சிறு பங்காவது மேய்ச்சல் தரைக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. துளைகருவிக்குப் பெரிய நிதி வேண்டியதில்லை.

பட்டிக்கு உடனடியாகச் செய்யக்கூடியதும் உண்டு. மொட்டைப் பாறையின் அடிவாரத்தில் வழிநீரும் வண்டலும் சேரும் கீற்று நிலம்தான் கடைசியாகக் காய்வது. மேட்டிலுள்ள ஆழமற்ற தரையை மழை விட்ட முதல் வாரங்களிலேயே மேயவிட்டு, அடிவாரக் கீற்றைக் கோடைக்கு ஒதுக்கி வைத்தால், அதே மழையில் மாடுகளுக்குப் பச்சை கிடைக்கும் நாட்கள் கூடும்.