பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: உணவு லேபிளில் நமக்கு இருக்கும் உரிமை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினால், முள்ளோடை செக்போஸ்ட் தாண்டியதும் பெட்ரோல் விலை மாறிவிடும். வேறு சில பாட்டில்களின் விலையும் மாறும், அது ஊரறிந்த விஷயம். மாறாத ஒன்று, பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம். அங்கே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை முடிவு செய்வது தமிழ்நாடு அரசும் இல்லை, புதுச்சேரி அரசும் இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், அதன் கீழ் வந்த 2020 லேபிள் ஒழுங்குமுறை, இரண்டும் மத்தியச் சட்டம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கினாலும் புதுச்சேரி நேரு வீதியில் வாங்கினாலும் விதி ஒன்றுதான்.

இதை நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அம்மா. சர்க்கரை வந்த பிறகு காபியில் சர்க்கரை போடுவதை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். ஆனால் அந்தக் காபிக்குத் துணையாக நாலு பிஸ்கட். "இது கோதுமை பிஸ்கட்டுடா, சுகர்காரங்களுக்கு நல்லதுன்னு கடையில சொன்னாங்க" என்பார். முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படமும் இருந்தது. ஒருநாள் பாக்கெட்டைத் திருப்பினேன். சேர்மானப் பட்டியலில் முதல் பொருள் மைதா. 100 கிராமில் சேர்த்த சர்க்கரை 22 கிராம். ஒரு பிஸ்கட் 9 கிராம் எடை, நாலு பிஸ்கட் 36 கிராம், அதில் சர்க்கரை ஏறக்குறைய 8 கிராம். அதாவது இரண்டு டீஸ்பூன். காபியிலிருந்து எடுத்த சர்க்கரை அப்படியே பிஸ்கட் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பெனி பொய் எதுவும் அச்சிடவில்லை, எல்லாமே பின்பக்கம் இருந்தது. பார்க்காமல் இருந்தது நாங்கள்தான்.

பின்பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? முதலில் சேர்மானப் பட்டியல், 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று போட்டிருப்பார்கள். இதில் வரிசைதான் முக்கியம். தயாரிக்கும்போது எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும், அப்புறம் இறங்குவரிசை. முதல் மூன்று பொருளைப் படித்தாலே அந்த உணவு என்னவென்று தெரிந்துவிடும். சர்க்கரைக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சர்க்கரை ஒரு இடத்தில், இன்வர்ட் சிரப் இன்னோர் இடத்தில், லிக்விட் குளுக்கோஸ் கடைசியில் என்று பிரிந்து உட்கார்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரியும். டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ் இரண்டும் அதே குடும்பம்தான்.

எண்ணெய்க்கும் ஒரு விதி உண்டு. 'தாவர எண்ணெய்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது, எந்த எண்ணெய் என்று பெயர் போட வேண்டும். பாமாயிலா, சூரியகாந்தியா, கடலை எண்ணெயா என்று அங்கே பார்க்கலாம். முன்பக்கத்தில் ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து விளம்பரம் செய்தால், அது எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாக வேண்டும். பாதாம் படம் போட்ட பிஸ்கட்டில் பாதாம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும். பால், முட்டை, மீன், இறால் வகைகள், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, கோதுமை வகைத் தானியங்கள் ஆகியவை ஒவ்வாமை தருபவை என்பதால் தனியாகக் குறிப்பிட வேண்டும். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்தது ஊட்டச்சத்து அட்டவணை. விஷயம் இங்கேதான் இருக்கிறது, ஏமாறுவதும் இங்கேதான். எரிசக்தி கிலோ கலோரியில், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, கொலஸ்ட்ரால், சோடியம் ஆகியவை 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ எவ்வளவு என்று இருக்கும். கூடவே 'பெர் சர்வ்' என்று, அதாவது ஒரு வேளைக்கு எடுக்கும் அளவில், ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று ஒரு பத்தி இருக்கும். அந்தச் சதவீதத்துக்கு அடிப்படை ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி, 67 கிராம் மொத்தக் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம். இது வளர்ந்த ஆளுக்கான கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

சரி, ஏமாறுவது எப்படி? ஓர் உதாரணம். 150 கிராம் மிக்சர் பாக்கெட். சர்வ் அளவு 30 கிராம் என்று போட்டு, சோடியம் தேவையில் 12 சதவீதம் என்கிறது லேபிள். 12 தானே என்று தோன்றும். ஆனால் சாயங்காலம் டீவி முன்னால் உட்கார்ந்தால் 30 கிராமில் நிறுத்துகிற ஆள் யார்? அந்தப் பத்தியை விட்டுவிட்டு 100 கிராம் பத்திக்கு வாருங்கள். சோடியம் 800 மில்லிகிராம் என்று இருக்கும். பாக்கெட் முழுவதுக்கும் ஒன்றரை மடங்கு, 1200 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். 3000 மில்லிகிராம், அதாவது 3 கிராம் உப்பு. நாள் முழுக்கச் சோறு, குழம்பு, ஊறுகாய் எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிற இடத்தில், ஒரு மிக்சர் பாக்கெட்டே மூன்றைத் தின்றுவிட்டது. கொழுப்பும் 100 கிராமுக்கு 36 கிராம் என்று இருந்தால் பாக்கெட்டுக்கு 54 கிராம், ஒரு நாள் முழுவதுக்குமே 67 கிராம் என்கிற கணக்கில்.

குளிர்பானத்துக்கும் இதே முறைதான். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்றால், 200 மில்லி டப்பாவில் 26 கிராம், ஆறு டீஸ்பூனுக்கு மேல். பழச்சாறு என்ற பெயரால் மயங்க வேண்டாம். '100 சதவீதப் பழச்சாறு' என்று விளம்பரம் செய்வதையே விடச் சொல்லி 2024 ஜூனில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) உத்தரவு போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொன்று. பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை ஆன்லைன் கடைகள் 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்றது, ஏனென்றால் அப்படியொரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. நம் வீட்டு அலமாரியில் முப்பது வருடமாக அந்தப் பெயரில்தான் டப்பா நிற்கிறது என்பது வேறு கதை.

முன்பக்கச் சொற்களில் சிலவற்றுக்குச் சட்டம் அளவு வைத்திருக்கிறது. 'சுகர் ஃப்ரீ' என்றால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் போகக் கூடாது. 'லோ ஃபேட்' என்றால் திட உணவில் 3 கிராம், திரவத்தில் ஒன்றரை கிராம். 'ஹை ஃபைபர்' என்றால் 100 கிராமில் குறைந்தது 6 கிராம் நார்ச்சத்து. ஆனால் சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் மைதாவும் கொழுப்பும் இருக்கலாம், அதைத் தடுக்கும் விதி இல்லை. 'பாட்டி கைப்பக்குவம்', 'கிராமத்துச் சுவை' போன்றவற்றுக்கோ அளவுகோலே கிடையாது, நம்புவதும் நம்பாததும் நம் பாடு.

எல்லாப் பொருளிலும் இந்த அட்டவணையைத் தேடாதீர்கள். அரிசி, உப்பு, மசாலாப் பொடி, குடிதண்ணீர் பாட்டில் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பண்ருட்டி முந்திரிப் பருப்பைச் சும்மா, எதுவும் சேர்க்காமல் பாக்கெட் போட்டால் ஒரே பொருள், அட்டவணை வேண்டாம். அதையே எண்ணெயில் வறுத்து உப்பும் மிளகும் தூவினால் அட்டவணை வேண்டும். 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்கும் சின்னப் பாக்கெட்டுகளுக்கும் தளர்வு இருக்கிறது, விவரங்கள் வெளி அட்டைப் பெட்டியில் இருந்தால் போதும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வாங்கும் பொடிப் பாக்கெட்டுகளில் பாதி இந்தக் கணக்கில்தான் வருகின்றன. இது எனக்கு உடன்பாடில்லாத விதி. நல்லவேளையாக இன்னொரு விதியும் இருக்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இலேயே சொல்லியிருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஏதாவது ஒரு பள்ளி விடும் நேரத்தில் போய் நின்று பாருங்கள், 50 மீட்டர் என்பது எவ்வளவு நீளம் என்று சந்தேகம் வந்துவிடும்.

பேக்கரியில் கண்முன்னால் நிறுத்துத் தரும் காராபூந்திக்கு லேபிள் கிடையாது. ஆனால் தட்டில் உதிரியாக வைத்து விற்கும் இனிப்புகளுக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். தீபாவளிக் கூட்டத்தில் அந்தச் சின்ன அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் கலோரி போட வேண்டும்.

எனக்கு ரொம்ப உறுத்துவது மொழி. கட்டாய விவரங்களை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ போட்டால் போதும். வேறு மொழியையும் சேர்த்துப் போடலாம், தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. அதனால்தான் முன்பக்கம் 'மொறுமொறு' என்று அழகாகத் தமிழ் பேசும் பாக்கெட், சோடியம் என்று வரும்போது ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அந்த அட்டவணை வெறும் கோடுகள்தான். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் 'ஆடட் சுகர்ஸ்', 'சோடியம்', 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்ற மூன்று வரியை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லப் பழக்கிவிடுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போட வைக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரையோ உப்போ அதிகமென்றால் பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. இங்கே 2022இல் நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் வரைவு வந்தது. சர்க்கரைப் பண்டத்துக்கும் ஒன்றிரண்டு நட்சத்திரம் கிடைத்துவிடும் என்று அதற்கு நிறைய எதிர்ப்பு. 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றின் அளவைத் தடித்த, பெரிய எழுத்தில் போடும் யோசனைக்கு ஆணையம் ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்க லேபிள் பற்றிய நிபுணர் குழுப் பரிந்துரையை மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. எது வந்தாலும், 100 கிராம் பத்தியை வைத்துப் போடும் கணக்கு வீணாகப் போகாது.

இனி புகார். லேபிளே இல்லாத பாக்கெட், தேதி அழித்து மேலே ஸ்டிக்கர் ஒட்டியது, முன்பக்கம் சொல்வது பின்பக்கத்தோடு பொருந்தாதது என்று ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் உறையில் FSSAI முத்திரையோடு இருக்கும் 14 இலக்க எண்ணைத் தேடுங்கள். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் சிறு உற்பத்தியாளரின் பதிவு. இந்த எண்ணை ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில் போட்டால் உண்மையான எண்ணா என்று தெரியும், அதிலேயே புகாரும் கொடுக்கலாம். கடலூர்க்காரர்கள் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் போட்டோவோடு அனுப்பலாம். புதுச்சேரிக்குத் தனித் துறை, அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போக வேண்டும். இரண்டு ஊருக்கும் பொதுவானது ஆணையத்தின் 1800 11 2100, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறான லேபிள் ஒட்டி விற்றதற்கு 3 லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு உரிமை சட்டத்தின் 40ஆவது பிரிவில் இருக்கிறது. அதிகாரிதான் மாதிரி எடுக்க வேண்டும் என்பதில்லை. வாங்குகிற நாமே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை, வாங்கும்போதே 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிக்குப் பொருந்தவில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். கடைக்காரர் முகம் எப்படிப் போகும் என்பது தனி.

எதைச் செய்வதாக இருந்தாலும் பில்லை வாங்கி வையுங்கள். பாதி சாப்பிட்ட பாக்கெட்டை அப்படியே மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள், குப்பையில் போட்டுவிடாதீர்கள். லாட் எண், தயாரிப்புத் தேதி, உரிம எண் மூன்றும் அந்த உறையில்தான் இருக்கின்றன.