கேம்பர் டிரெய்லர் இழுக்க எந்த வாகனம்? இறக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு ஹட்டனில் உள்ள எங்கள் கராஜுக்குப் புது விதமான கேள்வி ஒன்று வரத் தொடங்கியிருக்கிறது. கேம்பர் டிரெய்லர், அதாவது படுக்கையும் அடுப்பும் வைத்து வாகனத்தின் பின்னால் பூட்டி இழுக்கும் வண்டி, வாங்கப் போகிறோம், அதை இழுக்க எந்த வாகனம் நல்லது என்பதுதான் அது. கேட்பவர்களில் நுவரெலியாப் பக்கம் விடுதி நடத்துபவர்கள் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட நினைப்பவர்கள் உண்டு. கனடாவில் இருக்கும் மைத்துனர் பெரிய பிக்கப் ஒன்றில் வீடு போன்ற டிரெய்லரை இழுத்துச் செல்லும் படத்தைக் கைபேசியில் காட்டி, "அண்ணன், இதைப் போல ஒன்று இங்கே ஓடாதா?" என்று கேட்பவர்களும் உண்டு.

பேச்சு எங்கே தொடங்கினாலும், "கினிகத்தேனை ஏற்றத்தை இழுக்குமா?" என்ற இடத்துக்கு வந்து சேரும். இழுக்கும். டர்போ (இயந்திரத்துக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பொருத்திய இன்றைய டீசல் கெப் (பிக்கப்) வாகனங்களில் பெரும்பாலானவை, முனகிக்கொண்டாவது இழுத்துவிடும். இழுக்காவிட்டாலும் பெரிய கேடு இல்லை. வழியில் நிற்கும், பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டுவார்கள், அவ்வளவுதான். நான் பிரேக் வேலை செய்பவன். என் கராஜுக்குக் கட்டியிழுத்து வரப்படும் வாகனங்களில் ஏற்றத்தில் தோற்றவை குறைவு. இறங்கும்போது கைவிட்டவையே அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெப் வாகனம் 2,000 கிலோ, ஆட்களும் சாமான்களும் 500 கிலோ, டிரெய்லர் 2,500 கிலோ என்று வைத்தால் மொத்தம் 5 தொன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால், உயர வேறுபாடு ஏறக்குறைய 1,400 மீற்றர். 5 தொன் பாரம் அவ்வளவு கீழே வரும்போது வெளியாகும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், 200 லீற்றர் பீப்பாய் ஒன்று நிறைய உள்ள குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். காற்றுத் தடையும் டயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை இயந்திரம் பிடிக்க வேண்டும். அது பிடிக்காததெல்லாம் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கிலும் (தட்டு) டிரம்மிலும் (உருளை) வந்து இறங்கும். டிரெய்லர் இல்லாமல் போகும் அதே கெப் வாகனத்துக்கு இதில் பாதிதான். பிரேக்குகளோ அதே பிரேக்குகள்.

சூடேறிய பிரேக்கைக் கழற்றிப் பார்த்தால் கதை முழுவதும் அங்கே எழுதியிருக்கும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்டின் மேற்பரப்பு சொரசொரப்பை இழந்து கண்ணாடி போல் பளபளக்கும். டிஸ்க்கில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள் படிந்திருக்கும். தூசி மறைப்பு ரப்பர் விரல் பட்டவுடன் உதிரும். எண்ணெய்க் குப்பியைத் திறந்தால், தேன் நிறத்தில் இருக்க வேண்டியது சாயத்தண்ணீர் (வெறும் தேநீர்) நிறத்தில் இருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 பாகைதான். ஆண்டில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் எங்கள் ஊரில் அந்த ஈரம் சேர நெடுங்காலம் எடுக்காது. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. மிதித்த கால் தளம் வரை போகும், சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. சாரதி "பிரேக் அறுந்துவிட்டது" என்பார். அறுந்தது ஒன்றும் இருக்காது; ஆறிய பிறகு மிதித்துப் பார்த்தால் நன்றாகவே பிடிக்கும். பொலிஸார் வரும் நேரத்தில் வாகனம் குற்றமற்றதாகத் தெரிவதும் அதனால்தான்.

மலையக இறக்கங்கள் என்ன செய்யும் என்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தார்கள். கைபேசி வரைபடம் குறுகிய தூரம் என்று காட்டுவதை நம்பி, டிரெய்லரோடு அத்தகைய பாதைகளில் இறங்குவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

ஆகவே, வாகனத்தை நோக்கி நான் கேட்கும் முதல் கேள்வி: பிரேக்கை மிதிக்காமல் உன்னால் எவ்வளவு பிடிக்க முடியும்? பெட்ரோல் இயந்திரத்தில் காலை எடுத்தவுடன் காற்று வரும் வழி அடைபடும். அதனால் இயந்திரமே வாகனத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். டீசலில் அந்தப் பிடி குறைவு. கியரைக் குறைத்துவிட்டோம், போதும் என்று டீசல் கெப்காரர்கள் நம்புவதில் பாதிதான் உண்மை. ஈசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் போன்ற சிறு லொறிகள் பலவற்றில் எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கிறது. புகைக் குழாயில் ஒரு கதவு மூடி, இயந்திரத்தின் மூச்சையே எதிராகத் திருப்பும் ஏற்பாடு அது. மரக்கறி ஏற்றிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்கு இறங்கும் லொறிகள் வளைவுக்கு வளைவு "புஸ்" என்று பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள். சக்கரத்தின் பிரேக்கோடு இயந்திரமும் பாரத்தைப் பிடிக்கிறது என்று பொருள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கார் இறக்கத்தில் மின்சாரம் சேர்த்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் பேட்டரி நிறைந்தவுடன் அந்த உதவி நின்றுவிடும். பாரத்தோடு நீண்ட இறக்கத்தில் இறங்கினால் அது அடிவாரம் வருவதற்கு வெகு முன்பே நிறைந்துவிடும். வேகன் ஆர், வெசல், பிரியஸ் இவற்றின் பின்னால் கொக்கி பற்றவைத்துத் தரும்படி கேட்டு வருபவர்களை நான் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா என்பது அடுத்தது. பல நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். நாம் அதை ஓர் எல்லையாக எடுத்துக்கொள்வதில் நட்டம் இல்லை. இதில் இரண்டு வகை. ஒன்று, இழுக்கும் வாகனம் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ள, அந்தத் தள்ளுதலிலேயே பிடிக்கும் பிரேக். சமதரைக்கு அருமையான ஏற்பாடு. நீண்ட இறக்கத்திலோ டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும். அடிவாரம் வருவதற்குள் டிரம் புகையும். மற்றது, சாரதியின் கையருகே கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்து இயக்கும் மின் பிரேக். எப்போது, எவ்வளவு என்பது உங்கள் கையில். டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கினால், முன்வாகனத்தின் பிரேக்கைத் தொடாமல் பின்னால் மட்டும் பிடித்து நேராக்கவும் முடியும். பெரிய டிரெய்லர் என்றால் எங்கள் மலைக்கு இரண்டாவதுதான் என்பது என் முடிவு. இழுக்கும் வாகனத்தில் அந்தப் பெட்டியைப் பொருத்த வசதி இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

இனி எடை. விளம்பரத் தாளில் "இழுவைத் திறன் 3,500 கிலோ" என்று பெரிய எழுத்தில் இருக்கும். வாகனம், ஆட்கள், சாமான்கள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்த உச்ச எடை என்று இன்னோர் எண் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். அது 5,850 கிலோ என்று வையுங்கள். 3,500 கிலோ டிரெய்லரைக் கழித்தால் 2,350. வெற்று வாகனமே 2,100 கிலோ என்றால் மிஞ்சுவது 250. நான்கு பெரியவர்கள் பெட்டியோடு ஏறினால் அதுவும் தீர்ந்தது. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த வாகனங்களுக்கு அந்தக் கணக்குப் போடுவதற்கான எண்ணே பல வேளைகளில் கிடைக்காது. அப்போது "இதே மாடல் அவுஸ்திரேலியாவில் இவ்வளவு இழுக்கிறதாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் சேசி (அடிச்சட்டம்), ஸ்பிரிங், பிரேக், குளிரூட்டி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும்.

டிரெய்லரின் எடையை விற்பவர் வெற்று எடையாகத்தான் சொல்வார். தண்ணீர்த் தொட்டி 100 லீற்றர் என்றால் 100 கிலோ. 12.5 கிலோ எரிவாயு உருளையில் இரும்பின் எடை வேறு. பேட்டரி, மெத்தை, அடுப்பு, நாற்காலி என்று கூடிக்கொண்டே போகும். லொறியோடு நிறுக்கும் தராசு உங்கள் ஊருக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, எல்லாவற்றையும் ஏற்றியபின் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தாளில் 1,800 என்றிருப்பது தராசில் 2,300 காட்டினால் நான் வியப்படைய மாட்டேன்.

கொக்கியின் மேல் இறங்கும் பாரத்தையும் அளக்க வேண்டும். சம தரையில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, மரக்கறிக் கடைகளில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசை டிரெய்லரின் முன்மூக்குக்குக் கீழே வைத்து, வழக்கமான உயரத்துக்கு ஒரு மரக்கட்டை கொடுத்து இறக்குங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் காட்டினால் நல்லது. மிகக் குறைந்தால், பின்பாரம் தூக்கி டிரெய்லர் பாம்பாட்டம் ஆடும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அப்புத்தளை, பெரகலைப் பக்கம் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். மிகக் கூடினால் கெப்பின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும்பும். சுக்கான் இலேசாகும், பெரும்பகுதி வேலையைச் செய்யும் முன் பிரேக்குகள் பிடிமானத்தை இழக்கும், மூடுபனியில் உங்கள் முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். கொக்கிக் குண்டு (டிரெய்லரின் மூக்கு வந்து பூட்டும் இரும்பு உருண்டை) 50 மில்லிமீற்றரா இரண்டு அங்குலமா என்பதையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றுக்காகச் செய்தது மற்றதில் ஒழுங்காகப் பூட்டாது.

வளைவு வேறு விடயம். வளையும்போது டிரெய்லரின் சக்கரம் உங்கள் பின் சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். றம்பொடை வளைவுகளில் எதிரே பஸ் வந்தால், அந்த உள்வெட்டுக்கு இடம் இருக்காது. நீளமான வாகனம் நேர்பாதையில் நிலையாக இழுக்கும். கொண்டை ஊசி வளைவில் இருமுறை பின்னுக்கு எடுக்க வைக்கும். கனடா மைத்துனரின் பிக்கப் கண்ணாடிகள் நீங்கலாகவே ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலம். அது அங்குள்ள நெடுஞ்சாலைக்கு அழகு. கொழுந்து லொறியும் பாடசாலைப் பிள்ளைகளும் ஒன்றாகப் போகும் தோட்டப் பாதைக்கு ஏற்றதல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண் சரிந்து மலையக வீதிகள் பல இடங்களில் அறுந்ததைப் பார்த்தோம். அப்படியான நாளில் டிரெய்லரோடு பின்னால் எடுத்துத் திருப்பத் தெரியாதவர் பாதையையே அடைத்துக்கொண்டு நிற்பார்.

ஏற்றத்தைப் பற்றியும் இரண்டு வரி. பத்து விழுக்காட்டுச் சரிவில் 5 தொன் பாரம் 500 கிலோ அளவுக்குப் பின்னால் இழுக்கும். டர்போ இல்லாத இயந்திரம் நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் தன் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழந்திருக்கும். ஓட்டோ கியர் என்றால் கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிரூட்டி வேண்டும். கை கியர் என்றால் வளைவில் நின்று புறப்படுவதில் கிளச் கருகும். நான்கு சக்கர இயக்கமும் தாழ் கியர் வரிசையும் உள்ள வாகனம் இந்த இரண்டு சிக்கலுக்கும் உதவும். ஆனால் காய்ந்த தார் வீதியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு வளைவுகளைத் திருப்பாதீர்கள்.

அப்படியானால் எது? சாமானெல்லாம் ஏற்றிய டிரெய்லர், வெற்று வாகனத்தின் எடையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது மலைநாட்டுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல். எந்தச் சட்டத்திலும் இல்லை. டிஸ்க் மாற்றி மாற்றி எனக்கு வந்த அறிவு அது. அதன்படி ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ் போன்ற கெப்புக்கு 1,500 கிலோ வரை. பிராடோ, லேண்ட் குரூசர் என்றால் கொஞ்சம் கூட. அதற்கு மேற்பட்ட பெரிய டிரெய்லருக்கு எக்ஸோஸ்ட் பிரேக் உள்ள, தயாரிப்பாளர் இழுவைக்கு அனுமதித்த லொறிதான். அழகில்லை என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. விடுதி நடத்துபவர்களுக்கு இன்னொரு யோசனை: டிரெய்லர் ஆண்டு முழுவதும் ஒரே காணியில் நிற்கப் போகிறதென்றால் இழுக்கும் வாகனமே வாங்க வேண்டாம். தாழ்தள லொறி ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள். வாகன வியாபாரிகளுக்கு இந்த யோசனை பிடிப்பதில்லை.

முற்பணம் கொடுக்குமுன், டிரெய்லரைப் பதிவு செய்ய முடியுமா, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு அதற்குப் போதுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், டிரெய்லர் பூட்டிய நிலையில் காப்புறுதி செல்லுமா என்று காப்புறுதி நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சுப் பதில் விபத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

இறங்கும்போது கருகிய வாடை வந்தால், இடம் பார்த்து ஓரம் கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். அந்தச் சூட்டில் கைப்பிரேக்கை இறுக இழுத்துவைக்க வேண்டாம். டிரம் ஆறிச் சுருங்கும்போது சிக்கிக்கொள்ளும். பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றவும் வேண்டாம். நல்லது செய்வதாக நினைத்துப் பலர் செய்வது அதுதான். சிவக்கச் சூடான டிஸ்க் விரிசல் விட ஒரு வாளித் தண்ணீர் போதும்.