உச்சி காயும் மரம்: முதலில் வேர்மண்ணைக் கிளறிப் பாருங்கள்

காட்டு மரம் ஒன்று உச்சியிலிருந்து காயத் தொடங்கினால் எல்லோர் கண்ணும் தண்டுக்குத்தான் போகிறது. பட்டையில் துளை, கீழே மரத்தூள். வண்டுதான் காரணம் என்று முடிவாகி மருந்தடிப்பும் தொடங்கிவிடும். ஆனால் தண்டுத் துளைப்பான்களில் பல, ஏற்கெனவே தளர்ந்துபோன மரத்தைத் தேடி வருபவை. வண்டைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இந்த மரம் எதனால் தளர்ந்தது என்பதே.

விடை பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணில் இருக்கும். மரத்தைத் தாங்கும் வேர் வேறு, அதற்குச் சோறு போடும் வேர் வேறு. நீரையும் சத்தையும் உறிஞ்சுபவை 2 மி.மீ.க்கும் மெலிந்த சல்லிவேர்கள்; கிளை விளிம்பையும் தாண்டி மேல்மண்ணில் பரவியிருக்கும். வேரை ஒட்டிய சில மி.மீ. மண்ணுக்கு 1904இல் ஜெர்மன் அறிவியலாளர் லோரென்ஸ் ஹில்ட்னர் ரைசோஸ்பியர் என்று பெயரிட்டார். வேர் கசியவிடும் சர்க்கரைதான் அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனி. வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகள் மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு, வேர் எட்டாத இடுக்கிலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவந்து தருகின்றன. இலை குறைந்தால் சர்க்கரை குறையும், பூஞ்சை மெலியும், அதனால் இலை இன்னும் குறையும். சரிவு பல ஆண்டுகள் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதிக்க, அடிமரத்துக்கும் கிளை விளிம்புக்கும் நடுவே நான்கு திசையிலும் 30 செ.மீ. குழி போதும். மண்வெட்டி போட்டால் சல்லிவேர் அறுந்து மண்ணோடு போய்விடும். களைக்கொத்தாலும் விரலாலும் கிளறுங்கள். மண்ணை வாளி நீரில் ஊறவைத்து அலசி, வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். உயிருள்ள வேர் வளையும், கிள்ளினால் உள்ளே வெளுப்பு தெரியும். செத்த வேர் கறுத்திருக்கும். இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நிற்கும். இது ஃபைட்டோப்தோரா என்ற நீர்ப்பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். நீர் தேங்கி மூச்சுமுட்டிச் செத்த வேரும் இப்படியேதான் இருக்கும், ஆகவே ஆய்வகம்தான் தீர்மானிக்க வேண்டும். மாதிரியை முழுதும் அழுகிய வேரிலிருந்து எடுக்காதீர்கள்; அதற்குள் வேறு பூஞ்சைகள் குடியேறியிருக்கும். நோய் பரவும் விளிம்பிலுள்ள வேரை ஈரமண்ணோடு பையிலிட்டு, வெயில் படாமல் அனுப்புங்கள்.

பைன், ஓக் போன்றவற்றில் வேர்ப்பூஞ்சை, தடித்த குட்டை நுனிகளாகக் கண்ணுக்கே தெரியும். தேக்கு போன்ற பல மரங்களில் அது வேர்த்திசுவுக்குள் இருப்பதால், சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். "கண்ணில் படவில்லை, ஆகவே இல்லை" என்று எழுதும் அறிக்கைகளை நம்ப வேண்டாம்.

குழியில் அழுகிய முட்டை நாற்றமும் நீலச்சாம்பல் திட்டுகளும் இருந்தால் மண்ணில் காற்றில்லை என்று பொருள். இறுக்கம் அறிய, மழை பெய்து ஓரிரு நாளில் மெல்லிய இரும்புக்கம்பியைக் குத்தி, நலமான மரத்தடி மண்ணோடு ஒப்பிடுங்கள். காய்ந்த மண்ணில் இந்தச் சோதனை பொய் சொல்லும். கனரக வண்டி முதல் சில முறை ஓடும்போதே பெரும்பகுதி இறுக்கம் வந்துவிடுகிறது.

மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் குட்டையாக்கும், கால்சியம் ஏறவிடாது. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1999இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் கால்சியம் சிலிக்கேட் தூவினார்கள்; பின்னர் அங்கே சர்க்கரை மேப்பிள் மரங்கள் தேறின. அதற்காக மண் பரிசோதனை இல்லாமல் சுண்ணாம்பு கொட்டக்கூடாது.

யூரியா இன்னும் மோசம். தளிர் பெருகும்; அதைத் தாங்கும் சல்லிவேரும் வேர்ப்பூஞ்சையும் பெருகாது; அடுத்த வறட்சியில் மரம் சாயும். பாக்கெட்டில் வரும் வேர்ப்பூஞ்சைப் பொடியும் வளர்ந்த காட்டு மரத்துக்கு வீண்செலவு என்பதே எங்கள் கருத்து: வித்துகள் பொதுவாக மண்ணிலேயே உண்டு, குறைவது காற்றும் தீனியும். இலைச்சருகை அள்ளாமல் விடுங்கள். மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. தடிமன் போதும், அடிமரத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி. மார்பளவு உயரத்தில் மரத்தின் விட்டம் எவ்வளவோ, அதன் 12 மடங்கு ஆரத்துக்குள் வண்டியோ பள்ளமோ கூடாது, 50 செ.மீ. மரத்துக்கு 6 மீட்டர்.

ஃபைட்டோப்தோரா சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியை வேலையின் கடைசியில் வையுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா என்ற யூக்கலிப்டஸ் வகை மரக் காடுகளில் அது பரவியதற்குச் சக்கரத்தில் ஒட்டிய மண் ஒரு முக்கியக் காரணம். வெளியேறும் முன் காலணி, கருவி, சக்கரம் மூன்றிலும் சேற்றைச் சுரண்டி எடுத்த பிறகே கருவிகளை 70% ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். சேற்றின் மேல் தெளித்தால் உள்ளிருக்கும் வித்துக்கு அது எட்டாது.