சொந்தக் கருவியில் தேர்வு: காப்பியடிப்பதைவிடக் கவனிக்க வேண்டியது

மாணவர்கள் தத்தம் மடிக்கணினியிலோ டேப்லெட்டிலோ கைப்பேசியிலோ பொதுத்தேர்வு எழுதலாம் என்ற யோசனை எழும்போதெல்லாம், பெற்றோரும் ஆசிரியர்களும் முதலில் கேட்பது காப்பியடிப்பதை எப்படித் தடுப்பது என்றுதான். கடலூரில் பள்ளிக் கணினி ஆய்வகத்தைக் கவனித்துவரும் எனக்கோ, கருவியின் தரம் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடும் என்பதே பெரிய கவலை.

காப்பியைத் தடுக்க வழி உண்டு. பின்லாந்தில் 2016 முதல் 2019 வரை பள்ளி இறுதித் தேர்வைப் படிப்படியாகக் கணினிக்கு மாற்றியபோது, மாணவர் கொண்டுவந்த மடிக்கணினியையே பென் டிரைவில் இருந்த தனி இயங்குதளத்தில் தொடங்கச் செய்ததால், அவரது சொந்தக் கோப்புகளைத் திறக்க முடியாமல் போனது.

கருவிகளின் தர வேறுபாட்டைச் சமன்செய்ய அப்படி ஒரு மென்பொருள் கிடையாது. மாதிரித் தேர்வுகளில் நான் காண்பது இதுதான்: கைப்பேசியில் எழுதும் பிள்ளைக்குப் படமும் வினாவும் ஒரே திரையில் அடங்குவதில்லை, மேலும் கீழும் தள்ளித் தள்ளியே நேரம் கரைகிறது. தமிழ்த்தாளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகையில் பழகியவர் விரைந்து எழுத, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைப்பவர் ணகர னகரத்துக்கே தடுமாறுகிறார். கைப்பேசியோ சரியான சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்து, பிழையின்றி எழுதத் தெரியாதவருக்கும் மதிப்பெண் வாங்கித் தருகிறது. தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், வீட்டுக்கு இருக்கும் ஒரே கைப்பேசி தந்தையுடன் கடலுக்குப் போயிருக்கவும் கூடும்.

பொறியியல் படிப்புக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வைத் தேர்வு மையத்தின் கணினியிலேயே எழுத வைப்பதால் இந்த வேறுபாடு பெரிதும் குறைகிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை இந்தக் கோணத்திலும் மதிக்க வேண்டும் என்பேன்.

சொந்தக் கருவியை அனுமதிக்கும் பள்ளிகள் குறைந்தபட்சத் திரை அளவையும் தனி விசைப்பலகையையும் கட்டாயமாக்க வேண்டும். தேர்வில் வரப்போகும் அதே செயலியில் பல வாரங்களுக்கு முன்பே பழக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைப் பார்த்த நமக்கு, மின்சாரமும் இணையமும் நின்றாலும் விடைகள் கருவியிலேயே பத்திரமாக இருக்கும் ஏற்பாடு தவிர்க்க முடியாதது. கூடத்தில் மாற்றுக் கருவிகள் இருக்கட்டும். அவற்றை வாங்கி எழுதும் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைக்காமல், வழக்கமான பதிவெண் வரிசையிலேயே அமர்த்துங்கள்.