வேலை போனால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை: யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்

வேலையின்மைக் காப்பீடு என்றதும் அது அரசு இரக்கப்பட்டுக் கொடுக்கும் பணம் என்று நினைத்து, கேட்கவே கூச்சப்படுகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தத் தொழிலாளிக்காகச் சந்தா கட்டப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் தொழிலாளியும் முதலாளியும் சரிபாதி கட்டுகிறார்கள், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் முதலாளியே முழுவதையும் வரியாகக் கட்டுகிறார். கட்டிய காப்பீட்டைத்தான் கேட்கிறோம், தயங்க ஒன்றுமில்லை. தொகையும் காலமும் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் விதிகளின் அடிப்படை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான், அது புரிய வேண்டுமென்றால் வேலை ஏன் போகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு வேலையை விட்டு இன்னொன்று கிடைக்கும் வரை வரும் இடைவெளி எந்தப் பொருளாதாரத்திலும் எப்போதும் இருக்கும், அதனால் பெரிய ஆபத்தில்லை. பருவம் முடிந்தால் நிற்கும் வேலைகளும் உண்டு. கடினமானது அடுத்த இரண்டும். புதிய இயந்திரம் வந்தோ, ஆலை வேறு இடத்துக்குப் போயோ, இருபது வருடம் கற்ற தொழிலுக்கே தேவையில்லாமல் போவது ஒன்று. பொருளாதார மந்தம் இன்னொன்று: மக்கள் செலவைக் குறைக்கிறார்கள், சரக்கு தேங்குகிறது, ஆட்குறைப்பு நடக்கிறது, வேலை போனவர்களும் செலவைக் குறைக்க அடுத்த நிறுவனமும் ஆட்களை அனுப்புகிறது. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் திறமை குறைந்துபோனதா என்ன?

தனி மனிதர் தவறு செய்யாமலே வேலை போகிறது என்பதால்தான் இதைக் காப்பீடாக வைத்தார்கள். 1901-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகராட்சி, தொழிற்சங்கங்கள் நடத்திய வேலையின்மை நிதிக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. பிரிட்டனில் 1911-ல் வந்த சட்டம்தான் நாடு தழுவிய முதல் கட்டாயத் திட்டம். கட்டடம், கப்பல் கட்டுதல் போன்ற ஏற்ற இறக்கம் அதிகமுள்ள சில தொழில்களுக்கு மட்டும், வாரம் 7 ஷில்லிங், வருடத்துக்கு அதிகபட்சம் 15 வாரம். அப்புறம் ஜெர்மனி 1927, அமெரிக்கா 1935.

சரி, இப்போது விதிகள். வேலை இல்லாமல் இருக்க வேண்டும், கிடைத்தால் உடனே சேரக்கூடிய நிலையில் இருக்க வேண்டும், தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவர் வேலையில்லாதவர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்கெடுப்பு முறையும் இதுவே, அதில் கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலும் வேலையுள்ளவர் பட்டியலில் போய்விடுவார், தேடித் தேடி அலுத்துவிட்டவரோ எந்தப் பக்கமும் சேரமாட்டார். ஆகவே வேலையின்மை விகிதம் குறைந்தது என்று செய்தி வந்தால் அதை மட்டும் வைத்து மகிழ்ந்துவிட முடியாது.

அடுத்து சந்தா கட்டிய காலம். ஜெர்மனியில் கடைசி 30 மாதத்தில் குறைந்தது 12 மாதம் கட்டியிருக்க வேண்டும்.

பலர் சிக்கிக்கொள்வது மூன்றாவது விதியில்: வேலை எப்படிப் போனது? ஆட்குறைப்பு என்றால் சிக்கலில்லை. தானாக ராஜினாமா செய்தால் பெரும்பாலான நாடுகளில் தொகை கிடைக்காது அல்லது தள்ளிப்போகும், ஜெர்மனியில் பொதுவாக 12 வாரம் நிறுத்திவைப்பார்கள். அதனால்தான் சில நிறுவனங்கள் “ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் பெயருக்கும் நல்லது” என்று சொல்லும்போது மிகக் கவனமாக இருக்க வேண்டும், அந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வருடக்கணக்கில் கட்டிய சந்தாவின் பலன் கைநழுவிப் போகலாம். பணிநீக்கக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். அதில் என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். சம்பளம் வராமலோ பாதுகாப்பு இல்லாமலோ வேறு வழியின்றி வெளியேறியவர்களுக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது பெரும்பாலும் தொழிலாளிதான், எனவே சம்பள ரசீது, அனுப்பிய மின்னஞ்சல், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதையும் தள்ளிப்போடக் கூடாது. மனம் உடைந்து ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போனால் அந்த மாதத் தொகை பெரும்பாலும் போனதுதான். ஜெர்மனியில் வேலை முடியும் தேதிக்கு 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும், தாமதமாகத் தெரிந்தால் 3 நாளுக்குள். இடையில் சின்னதாக எதையாவது சம்பாதித்தால் அதையும் சொல்லிவிடுவது நல்லது, ஓரளவு வருமானத்தை அனுமதிக்கும் நாடுகள் உண்டு, மறைத்தது தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு அபராதமும் வரும். மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும், அந்தத் தேதியை முதலில் பாருங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் 1952-ல் வந்த உடன்படிக்கை பழைய ஊதியத்தில் 45 சதவீதமாவது, 13 வாரமாவது என்று குறைந்தபட்சம் வைத்தது, 1988-ல் வந்தது அதை 50 சதவீதம், 26 வாரம் என்று உயர்த்தியது. ஜெர்மனியில் நிகர ஊதியத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67. டென்மார்க்கில் வேலையின்மை நிதியில் சேர்ந்தவர்களுக்கு, ஓர் உச்சவரம்புக்குள், 90 சதவீதம் வரை, 2 வருடம். தொடக்கத்தில் சில நாள் காத்திருப்புக் காலம் பல இடங்களில் உண்டு.

பணம் கொடுத்தால் ஆள் வேலை தேடமாட்டான் என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். நீண்ட காலம் கொடுத்தால் தேடும் காலமும் கொஞ்சம் நீள்கிறது என்பது உண்மைதான், ஆனால் கையில் ஒன்றுமில்லாதவர் முதலில் கிடைத்த எதிலோ போய் விழுகிறார், அவர் கற்ற தொழில் வீணாகிறது, இதைச் சொல்பவர்கள் குறைவு. ஆஸ்திரியாவின் மரியென்தால் கிராமத்தில் நெசவாலை மூடியபின் 1930-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். மக்களுக்கு நேரம் நிறைய இருந்தது, நூலகத்தில் கட்டணத்தையும் நீக்கியிருந்தார்கள், ஆனாலும் இரவல் போகும் புத்தகங்கள் குறைந்தன, தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வேலையில்லாமை மனிதரைச் சோர்வடைய வைக்கிறது, அந்தச் சோர்வைச் சோம்பல் என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

இந்தத் தொகை வேலையின்மையைக் குறைக்கவும் செய்கிறது. மந்தத்தில் வேலை போனவர் தொடர்ந்து பொருள் வாங்குவதால் கடைக்காரரின் வேலையும் தப்புகிறது. வேலை போவதற்கு முன்பே தலையிடும் முறையும் உண்டு: ஜெர்மனியில் நிறுவனம் ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைக்கும், இழந்த ஊதியத்தின் ஒரு பகுதியை காப்பீட்டு நிதி கொடுக்கும். 2009-ல் அந்நாட்டின் உற்பத்தி சுமார் 5 சதவீதம் சரிந்தும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை, 2020 ஏப்ரலில் 60 லட்சம் பேருக்குக் கிட்ட இதில் இருந்தார்கள். தொழிலே மறைந்துபோனவர்களுக்குத் தொகை மட்டும் போதாது, உதவித்தொகையோடு கூடிய மறுபயிற்சி தேவை, அதுவும் ஆள் எடுக்கும் நிறுவனங்களைக் கேட்டு வைத்த பயிற்சியாக இருந்தால்தான் பலன்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. படிப்பு முடித்து முதல் வேலை தேடுகிறவர், தினக்கூலி, சுயதொழில், செயலி வழியாக வேலை செய்கிறவர், இவர்களில் பெரும்பாலோர் பெயரில் சந்தாவே இல்லை. உலகில் வேலையில்லாதவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே ஏதாவது பணப்பயன் கிடைக்கிறது. இவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை, அரசு நடத்தும் பொதுப்பணி வேலைகள் என்று தனித் திட்டங்கள் இருக்கலாம், அவற்றின் விண்ணப்பமும் தகுதியும் வேறு. காப்பீட்டு மனு நிராகரிக்கப்பட்டால் அதோடு விட்டுவிடாமல், இவற்றில் எதற்காவது தகுதி இருக்கிறதா என்று அதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.