பட்டியலில் ஒரு பெயர் ஏறும் முன்

முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்கள் ஆயின. இரண்டையும் சேர்த்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அடிவாரத்தில் வெயில் கொளுத்தும் முள்காடு. அங்கிருந்து ஒரு பொழுதுக்குள் ஏறிவிடக்கூடிய கக்காச்சி, கோதையாறு பக்கமோ பாசியும் அட்டையும் மண்டிய மழைக்காடு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மலை இது. இப்படி ஒரு காட்டுக்குள் மார்ச் மாதத்தில் ஐந்து நாள் நடந்துவிட்டு ‘உயிரினப் பட்டியல்’ என்று ஒன்றை வெளியிட்டால், அது அந்த ஐந்து நாளின் பட்டியலே தவிர காட்டின் பட்டியல் ஆகாது.

பட்டியலில் ஒரு பெயரை ஏற்ற ஒரு நிமிடம் போதும். தப்பாக ஏறிய பெயரை இறக்கத்தான் பல ஆண்டு ஆகிறது. அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார், அவரைப் பார்த்து மேலாண்மைத் திட்டத்தில் சேர்ப்பார்கள், அதையே மாணவர் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுவார். கடைசியில் நான்கு ‘ஆதாரங்கள்’ இருக்கும், நான்கும் ஒரே தவறின் நகல்களாக. சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தியையும் கருமந்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இந்த மலையில் உண்டு, இரண்டும் கறுப்பு. உச்சிக்கிளையில் ஒரு கறுப்பு உருவம் தாவியதைப் பார்த்துவிட்டு ‘சிங்கவால் குரங்கு, 12’ என்று எழுதிவிடுவார்கள். சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றி சாம்பல் பிடரி உண்டு. வால் உடலைவிடக் குட்டை, நுனியில் குஞ்சம். கருமந்திக்குத் தலை மஞ்சள் கலந்த பழுப்பு. வால் உடலைவிட நீளம், தொங்கிக்கொண்டிருக்கும். வாலும் முகமும் தெரியாவிட்டால் ‘கறுப்புக் குரங்கு, இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதே சரி. அப்படி எழுதுவதில் யாருக்கும் மானக்கேடு இல்லை.

முதலில் அனுமதி. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழையவே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். ஓர் இலையைக் கிள்ளி எடுப்பது அதற்குள் அடங்காது. சேகரிப்புக்குத் தனியாக, எந்த வகையில் எத்தனை மாதிரி, எங்கிருந்து என்று எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். அனுமதி எண் இல்லாத மாதிரியை, காய்ந்த தாவர மாதிரிகளைக் காக்கும் பொறுப்பான உலர்தாவரகம் எதுவும் உள்ளே வாங்காது. ‘காளான்தானே’ என்று பையில் போட்டு வருவதும் இதே குற்றம்தான்.

தாவரத்தில் அதிகம் நடக்கும் பிழை, மரத்தடியில் கிடக்கும் பூவை அந்த மரத்தின் இலையோடு சேர்ப்பது. மழைக்காட்டில் ஒரு மரத்தின் உச்சியில் மூன்று கொடிகள் படர்ந்திருக்கும், பக்கத்து மரத்தின் கிளை மேலே நீண்டிருக்கும். விழுந்த பூ யாருடையது என்று மேலே தொலைநோக்கியில் பார்க்காமல் சொல்ல முடியாது. பூவும் இலையும் ஒரே கிளையில் ஒட்டியிருக்கும்படி எடுங்கள். முடியாவிட்டால் விழுந்த பூவைத் தனி உறையில் போட்டு, ‘தரையில் கிடைத்தது’ என்று எழுதுங்கள்.

மாதிரி எடுக்கும் கையோடு குறிப்பேட்டில் ஏற வேண்டியவை, காய்ந்த பிறகு தெரியாதவை: மரத்தின் உயரம், பட்டையின் நிறம், கீறினால் பால் வடிகிறதா, பிசின் வருகிறதா, கசக்கினால் என்ன வாசனை, பூவின் நிறம். உலர்தாவரத் தாளின் அளவு ஏறக்குறைய 28 × 42 செ.மீ. அதற்குள் அடங்காத நீண்ட கிளையை ‘வி’ போலவோ ‘என்’ போலவோ மடிக்கலாம். வெட்டிக் குட்டையாக்கக் கூடாது. ஓர் இலையாவது திருப்பிப் போடப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மென்முடிகளும் சுரப்பிகளும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மாதிரியை வைத்து அழுத்திய செய்தித்தாளை முதல் 24 மணி நேரத்தில் மாற்றியே ஆக வேண்டும். பிறகு காயும்வரை நாள்தோறும். மாற்றாமல் விட்டால் இலை கறுத்து, மூட்டு மூட்டாகக் கழன்றுவிடும். மழைக்காலத்தில் முகாமில் தாள் காயவே காயாது என்றால், செய்தித்தாள் கட்டின் மேல் ஆல்கஹால் ஊற்றிப் பாலித்தீன் உறையில் இறுக்கி மூடிக் கொண்டுவரலாம். நிறம் போய்விடும், மரபணுவும் கெட்டுவிடும். அதனால் அதற்கு முன்பே ஒரு துண்டு இலையைக் கிள்ளி சிலிக்கா ஜெல்லில் போட்டுவிட வேண்டும்.

காய்ந்த மாதிரியை அரிக்கும் பூச்சிக்கு இப்போது பெரும்பாலும் குளிர்தான் மருந்து: பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, −20 டிகிரியில் ஒரு வாரம். சுற்றாமல் வைத்தால் வெளியே எடுக்கும்போது ஈரம் படியும். பழைய தாள்களில் பாதரச குளோரைடு பூசியிருப்பார்கள். அவற்றைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

காளான்தான் இந்தப் பட்டியல்களின் அனாதைப் பிள்ளை. பறவைக்கு நூறு பேர் வருவார்கள், காளானுக்கு ஒருவர் வந்தால் அதிகம். இரண்டு மூன்று நாள் தலைகாட்டிவிட்டு அழுகிப்போவதால், ஆண்டுக்கு ஒருமுறை போகிறவருக்குப் பாதிகூடக் கிடைக்காது. படம் மட்டும் எடுத்துவந்தால் பெரும்பாலும் பேரினத்தைத் தாண்ட முடியாது.

புற்றுக்காளானைப் பார்ப்போம். அதன் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு கறையான் கூட்டின் தோட்டம்வரை போகும். பிடுங்கினால் அந்த வேர்ப்பகுதி ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். அடையாளத்தின் முக்கியப் பாதி அதோடு போயிற்று. கத்தியால் சுற்றிலும் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அடிப்பகுதியில் கிண்ணம்போல உறை இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். அப்படி உறை இருந்தால் அது அமானிட்டா போன்ற வேறு குடும்பக் காளானாக இருக்கலாம், அவற்றில் கொல்லும் நஞ்சுள்ளவையும் உண்டு.

அடுத்தது வித்துப்பதிவு, அதாவது குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறத்தைப் பார்ப்பது. தண்டை வெட்டிவிட்டு, குடையின் அடியில் இதழிதழாக இருக்கும் செவுள்பக்கம் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளை பாதி கறுப்பு ஒட்டிய தாளின் மேல் வைத்து, குடையின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடுங்கள். இரவு வைத்தால் காலையில் தூள் படிந்திருக்கும். வெறும் வெள்ளைத்தாளில் வைத்தால் வெள்ளை வித்து தெரியாமல், ‘வித்து இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். புற்றுக்காளானின் வித்து வெளிர் இளஞ்சிவப்பு. முகாமைச் சுற்றிய புல்வெளியில் முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் பார்வைக்கு வெள்ளையாக, சாப்பிடுகிற காளான்போல இருக்கும். வித்து மங்கிய பச்சை. தின்றவரைக் கடும் வாந்தியும் பேதியும் படுத்திவிடும். பட்டியலில் ‘உண்ணத்தக்கது’ என்று ஒரு கட்டம் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து.

காளானைப் பாலித்தீனில் கொண்டுவராதீர்கள், வியர்த்து ஒரே நாளில் கூழாகிவிடும். காகித உறை போதும். 40 முதல் 45 டிகிரி சூட்டில் முறியும் அளவுக்குக் காய வையுங்கள். அதற்கு மேல் சூடானால் வெந்துபோகும். எதன்மேல் முளைத்தது என்பதையும் எழுதுங்கள்: மண்ணா, சாணமா, பட்டுப்போன மரமா, என்ன மரம்? ‘மரத்தின் மேல்’ என்பது பாதித் தகவல்.

தவளைக்கு நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே புதர்த்தவளை இனத்தில் மஞ்சள், பழுப்பு, கோடு போட்டது என்று எல்லாமே இருக்கும். குரல் பதிவுதான் சாட்சி. வெப்பநிலையையும் சேர்த்துக் குறியுங்கள், ஏனெனில் குளிரில் தவளை கத்தும் வேகம் குறையும். தானியங்கிக் கேமராவில் பேட்டரி மாற்றியதும் தேதி பழைய ஜனவரி 1க்குத் திரும்பிவிடும் மாடல்கள் உண்டு. கேமராவை விட்டுவரும்முன் தேதியும் இடமும் எழுதிய அட்டையை அதன்முன் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இடக்குறிப்பு பற்றி ஒரு வார்த்தை. 19ஆம் நூற்றாண்டில் வன அதிகாரி பெட்டோம் போன்றோர் இந்த மலைகளில் சேகரித்தவற்றில், ‘திருநெல்வேலி மலைகள்’ என்பதற்கு மேல் இடம் தெரியாதவை இருக்கின்றன. இன்று கைபேசி இருந்தும் அதே நிலை. அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளைப் பதின்ம இலக்கத்தில் இரண்டு இடம் மட்டும் எழுதினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூடப் பிழை வரலாம்; நான்கு இடம் எழுதினால் ஏறக்குறைய 11 மீட்டர். அடர்ந்த கூரையின் கீழ் கருவியே இருபது, முப்பது மீட்டர் தப்பும் என்பதால் அந்தப் பிழை அளவையும் எழுத வேண்டும். ஆனால் அகத்தியமலையின் அரிய நிலவாழ் ஆர்க்கிட் போன்றவற்றின் துல்லிய இடம் அலுவலகக் கோப்பில் மட்டும் இருக்கட்டும். பொதுப்பட்டியலில் போட்டால் தோண்டி எடுக்க ஆள் வரும்.

காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் காப்பகத்துக்குள்ளேயே உள்ளன. ஒரு மரத்துக்கு அவர்கள் சொல்லும் பெயரை, சொன்ன ஊரோடு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அகராதித் தமிழுக்குத் திருத்தாதீர்கள். மருந்துப் பயனை எழுத வேண்டுமானால் முதலில் ஒப்புதல் கேளுங்கள். மலையின் கேரளப் பக்கத்தில் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து மருந்து வந்ததும், அதன் வருவாயில் அவர்களுக்குப் பங்கு தர வேண்டியதானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பெயர் மாற்றங்களும் எண்ணிக்கையை ஊதிப்பெருக்கும். கருவேலம் பழைய நூல்களில் அக்கேசியா நைலோட்டிகா, இப்போது வாச்செலியா நைலோட்டிகா. இரண்டு பட்டியல்களை ஒட்டினால் ஒரு மரம் இரண்டாகிவிடும்.

உழைப்பையும் பதியுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்தப் பாதை. அது இருந்தால்தான் ‘காணவில்லை’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. இன்னும் எத்தனை மிச்சம் என்று மதிப்பிடவும் எளிய வழி இருக்கிறது. 120 வகை கிடைத்து, அதில் 30 ஒரே ஒருமுறையும் 15 இருமுறையும் கிடைத்திருந்தால், 30இன் வர்க்கத்தை 15இன் இருமடங்கால் வகுங்கள். குறைந்தது இன்னும் 30 வகை கண்ணில் படவில்லை என்று பொருள்.

மாதிரியின் இரட்டைப் பிரதிகளில் ஒன்றைக் கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் உலர்தாவரகம் போன்ற நிலையான இடத்துக்கு அனுப்புங்கள். கல்லூரி பீரோவில் மட்டும் வைத்தால் ஆசிரியர் ஓய்வுபெற்றதும் கறையானுக்குப் போகும். பட்டியலின் கடைசியில் ‘நீக்கப்பட்டவை’ என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பெயர், யார் முதலில் எழுதியது, எதனால் எடுத்தோம் என்று அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் பழைய நூலைப் பார்த்து அதே பெயரை மறுபடி ஏற்றிவிடுவார்.