தீயணைப்பு வீரர்களுக்கான சாவிப் பெட்டி: அமெரிக்காவில் கட்டடம் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் கடை, உணவகம், அலுவலகம் எனப் பல கட்டடங்களின் முன்வாசல் அருகே, சுவரில் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று பதிந்திருக்கும். நாக்ஸ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு பரவலாக இருப்பதால் 'நாக்ஸ் பாக்ஸ்' என்றே பலரும் சொல்வார்கள். உள்ளே இருப்பது அந்தக் கட்டடத்தின் சாவி. நள்ளிரவில் தீ அலாரம் அடித்து, திறந்துவிட ஆள் இல்லையென்றால், தீயணைப்பு வீரர்கள் அந்தச் சாவியால் திறந்து உள்ளே போவார்கள். பெட்டி இல்லாவிட்டால் கதவை உடைக்க வேண்டியதுதான். அதில் நேரம் போகும். அலாரம் வீணாக அடித்திருந்தால், உடைந்த கதவோடு கடையைப் பூட்ட வழியில்லாமல் உரிமையாளர் நிற்க வேண்டிவரும்.

பல மாநிலங்களில் இதற்கு அடிப்படை இன்டர்நேஷனல் ஃபயர் கோட் என்ற தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 506-ஆம் பிரிவு. கட்டடம் பூட்டியிருப்பதால் உள்ளே போவது தடைபடும் என்றாலோ, உயிர் காக்கவோ தீயை அணைக்கவோ உடனே நுழைய வேண்டியிருக்கும் என்றாலோ, சாவிப் பெட்டி வைக்கச் சொல்லும் அதிகாரத்தை உள்ளூர்த் தீ விதி அதிகாரிக்கு அது தருகிறது. எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தானியங்கி அலாரமோ, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரோ உள்ள கட்டடங்களுக்குக் கட்டாயம் என்று சில ஊர்கள் தனியாகச் சட்டம் வைத்திருக்கின்றன. அதனால் உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையின் தீத்தடுப்புப் பிரிவைக் கேட்பதுதான் முதல் வேலை. எந்த மாடல், எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்பதையும் அவர்களே சொல்வார்கள். வீடு விற்பவர்கள் கதவில் தொங்கவிடும் எண் பூட்டுப் பெட்டி இதற்குச் செல்லாது. யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் 1037 தரச் சான்று பெற்ற பெட்டியாக இருக்க வேண்டும்.

பெட்டிக்கும் பொருத்துவதற்கும் ஆகும் செலவு பொதுவாக உரிமையாளருடையது. ஆனால் பெட்டியைத் திறக்கும் சாவி அவரிடம் இருக்காது, தீயணைப்புத் துறையிடம் மட்டுமே இருக்கும். நம் சாவியை இப்படிச் சுவரில் விட்டுவைக்கலாமா என்ற பயம் நியாயமானதுதான். ஒரே சாவி ஊரிலுள்ள பல பெட்டிகளைத் திறக்கும் என்பதால், அதை வண்டிக்குள்ளேயே ஒரு பாதுகாப்புப் பெட்டியில் பூட்டிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. வீரர் தன் ரகசிய எண்ணைப் போட்டால்தான் அது வெளியே வரும். யார், எப்போது எடுத்தார் என்பதும் பதிவாகும். வேண்டுமானால் உங்கள் பெட்டியையும் திருட்டு அலாரத்தோடு இணைக்கலாம்.

உள்ளே வாசல் சாவி மட்டும் போதாது. அலாரம் பேனல், ஸ்பிரிங்க்ளர் அறை, மின் அறை, லிஃப்ட், மாடிக் கதவு எல்லாவற்றின் சாவியும் பெயர் எழுதிய அட்டையோடு இருக்கட்டும். புகைக்குள் நிற்பவருக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க நேரம் இருக்காது.

பெட்டி வைத்தவர்கள் அப்புறம் கோட்டைவிடுவது ஒரு விஷயத்தில்தான். பூட்டை மாற்றிவிட்டு, பழைய சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். பூட்டை மாற்றினால் கட்டடத்தை நடத்துபவர் தீ விதி அதிகாரிக்கு உடனே தெரிவித்து, புதுச் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று அதே 506-ஆம் பிரிவு சொல்கிறது. பெட்டியை நீங்களே திறக்க முடியாது என்பதால், தீயணைப்புத் துறையை அழைத்து, அவர்கள் வரும்போது சாவியை மாற்றிக்கொள்ளுங்கள். கடையை வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் பெட்டியிலுள்ள சாவி இப்போதைய பூட்டுக்குச் சேருகிறதா என்று தீயணைப்புத் துறையினர் முன்னிலையிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.